வலது பக்க இருக்கை

புதுப்பேட்டையில் யாரும் பார்த்ததில்லை அந்த முகப்பை.
போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
ஷம்சுதீன் சொன்னார்:
"அடிச்சட்டம் லாரி, மேல காரு.
ஆட்டு உடம்புக்கு மாட்டுக் காலு.
எந்த ஊரு சரக்கு சார்?"

பிரேசில்.
அந்த ஊர்க்காரர்களுக்கென்றே செய்தது.
காபி, கால்பந்து, அதற்கு மேல்
அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது எனக்கு.
பதினோரு இரவு விழித்ததில்
இந்த வண்டியின் கிளட்ச் பிளேட் விட்டம் தெரியும்.

வேப்பேரியில் பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால்
தார்ப்பாய்க்குள் நின்றது,
புளித்த மோர் நிறத்தில்.
கிளாடிஸ் ரொசாரியோ வந்தார்,
ஒரு கையில் சாவி, மறு கையில் கொசு பேட்.
கணவர் கப்பல் என்ஜினியர்.
எழுபத்தெட்டில் சாந்தோஸ் துறைமுகத்தில் ஏற்றி
இங்கே இறக்கினாராம்.
கட்டிய சுங்க வரியை
நேற்றுக் கட்டியதுபோல் திட்டினார்.

உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கையேடு.
போர்த்துகீசியம். ஓர் எழுத்தும் ஏறவில்லை.
அவர் எட்டிப் பார்த்து
கணவரின் உச்சரிப்பில் வாசித்தார்:
ஷாவி.
ஜனேலா.

கையிலிருந்ததைப் பார்த்தேன். சாவி.
கண்ணாடி பாதி இறங்கிய சதுரத்தைப் பார்த்தேன்.
ஜன்னல்.
எந்தக் காலத்திலோ
இந்தக் கரையில் இறங்கிய சொற்கள்,
இன்னும் துருப்பிடிக்கவில்லை.

துரு என்றதும் நினைவு வந்து
குனிந்து பார்த்தேன்.
பிடித்திருந்தது. இடது கதவுக்குக் கீழ்ப்பட்டி முழுக்க,
பேனா முனை உள்ளே போய்த்
திரும்பி வராத அளவுக்கு.

நாலேகால் லட்சம்.
எஃப்.சி. முடிந்து ஆறு வருடம்.
விண்ட்ஷீல்டு உடைந்தால்
சாந்தோஸுக்குத்தான் போக வேண்டும்.

"ஓட்டிப் பாருங்க" என்றார்.

ஸ்டியரிங் இடது பக்கம்.
பெரம்பூர் பாரக்ஸ் சாலையில்
இளநீர்க் குலைகளை உரசுகிறாற்போல் நான்.
முன்னால் ஒரு மாநகரப் பேருந்து.
அதன் முதுகு, அதிலொரு நகைக்கடை விளம்பரம்,
அவ்வளவுதான் என் உலகம்.
எதிரே வருவது ஆட்டோவா தண்ணீர் லாரியா,
வலது பக்கம் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

கிளாடிஸ் கழுத்தை நீட்டினார்.
"இரு. இரு.
பால் வண்டி ஒண்ணு... போகட்டும்.
இப்ப. போ."

போனேன்.
ஒருவர் சொல்லை மட்டும் நம்பி
ஆக்ஸிலேட்டரை மிதித்து
எத்தனை காலம் ஆகிறது?

"நாப்பது வருஷம் இதுதான் என் வேலை" என்றார்.
"சண்டைன்னாலும் விட முடியாது பாருங்க.
பேச மாட்டேன். அவர் தொடையில தட்டுவேன்.
ஒரு தட்டுன்னா இரு.
ரெண்டுன்னா போ.
ஒரு தடவை கோபத்துல
திண்டிவனம் வரைக்கும் தட்டிக்கிட்டே போனேன்."

சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை. டோல்கேட்டில் சில்லறைக்கு
இருவரும் அடித்துக்கொண்டதைச் சொல்லிக்கொண்டே
தார்ப்பாயை இழுத்து மூடினார்.

திரும்பும்போது என் சின்னக் காரில்
எல்லாம் தெரிந்தது எனக்கு.
எதிரே காலிச் சாலை, வெளிச்சம்,
முந்தச் சொல்லி ஹாரன் அடிக்கும் பின்வண்டி.
அயனாவரம் வரைக்கும்
ஒரு குப்பை லாரிக்குப் பின்னாலேயே வந்தேன்.
பக்கத்து இருக்கையில்
செந்தாமரை விட்டுப்போன குடை.
வேளச்சேரியில் அவளுக்கு
வேறு குடை இருக்கும். இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

இரவு பத்தரைக்குப் பார்க்கிங்கில்
டேப் பிடித்து அளந்தேன்.
பதினெட்டு அங்குலம் வெளியே நிற்கும்,
பி-நாலு வீட்டுக்காரரின் கோட்டுக்குள்.
அவர் சம்மதிக்க மாட்டார்.
கேட்டுப் பார்க்கலாம்.
ஒரு நல்ல நாள் பார்த்து, ஸ்வீட்டோடு.

வாட்ச்மேன் டார்ச் அடித்தார்.
"பெரிய வண்டியா சார்? வாங்கிட்டீங்களா?"

பதில் தேடுகிறவன் மாதிரி
டேப்பைத் தொடையில் தட்டினேன்,
ஒரு தரம்.
கை மறுபடி உயர்ந்து
அப்படியே நின்றது.